பெட்ரோல் மானியும் மிதவையும்: பழைய காரில் இரண்டையும் இணங்கச் செய்தல்

ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்தில் பழைய கார் ஒன்றை வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்ற குறை அதிகம் இல்லை. கிடைத்த பாகம் எந்த வண்டியின் வயிற்றிலிருந்து வந்தது என்பதைக் கண்டுகொள்வதே அவர்களுக்குக் கஷ்டமான காரியம். இவ்வூர்த் தொழிற்பேட்டையில் 1960களின் பிற்பகுதியில் எழுந்த கார் கோப்பு ஆலை, 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வசத்திலிருந்து, 1980இல் ஓரியண்டல் குழுமத்துக்குக் கைமாறி, பிறகு ஹோண்டா கார்களைக் கோத்து அனுப்பிய சரித்திரத்தை உடையது. ஆக, ஒரே வாசலின் வழியாகப் பல தேசத்து மின்சார முறைகளைக் கொண்ட வாகனங்கள் வெளியே வந்திருக்கின்றன. இவற்றோடு பிரிட்டிஷார் காலந்தொட்டு ஓடிய மோரிஸ் மைனரும், பின்னால் வந்த மினியும், டாட்சன் 120ஒய் போன்றவையும் சேர்ந்து, பழைய பாகம் விற்கும் பொத்தோங் கடைகளின் அலமாரிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. உருவத்தில் ஒத்த இரண்டு மிதவைக் கருவிகள் குணத்தில் நேர்விரோதமாக இருப்பதும், அவற்றில் தவறானதை வாங்கி மாட்டியவர், முள் பாதி டாங்கியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூடாய் சாலையில் வண்டி நின்றுபோய்த் தவிப்பதும் இங்கே அபூர்வமான சம்பவங்கள் அல்ல.

இந்த அத்தியாயம், அத்தகைய வண்டியில் மானிக்கும் மிதவைக்கும் இணக்கம் உண்டாக்கும் வேலையைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறவருக்காக எழுதப்பட்டது.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குச் சித்தாந்தம்

டாங்கியில் மிதவை ஏறி இறங்கும்போது அதனோடு இணைந்த கருவியின் மின்தடை மாறுகிறது. அந்தத் தடையை மானி முள்ளின் அசைவாகக் காட்டுகிறது. தடையின் அலகு ஓம். காலிக்கு எத்தனை ஓம், நிறைவுக்கு எத்தனை ஓம் என்பதில் தயாரிப்பாளர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொள்ளவில்லை. 1965க்குப் பிந்திய அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. அதற்கு முந்தியவற்றில் 0, 30. அமெரிக்க ஃபோர்டு வண்டிகளில் 1980களின் நடுப்பகுதி வரையில் இது தலைகீழாகக் காலிக்கு 73, நிறைவுக்கு 10 என்று இருந்தது. ஸ்டூவர்ட் வார்னர் ரகத்தில் 240, 33. ஐரோப்பிய விடிஓ ரகத்தில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. எழுபதுகளின் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் காலிக்கு ஏறக்குறைய 100 ஓமும், நிறைவுக்கு ஒற்றை இலக்கமும் வரும்.

இவ்வெண்களைக் கடையில் பேரம் பேசும்போது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். இவற்றை நம்பி வண்டியில் வேலை தொடங்கக்கூடாது. ஐம்பது வருஷம் ஓடிய வண்டியில் மானியை யார் எப்போது மாற்றினார் என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் மானிக்கு ஐந்து எண்கள், உங்கள் மிதவைக்கு ஐந்து எண்கள் என்று பத்து எண்களை நீங்களே அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலைக்குமேல் முடிந்தது. பணத்தைச் செலவழிப்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மானி முழுவதும் சத்தியம் பேச வேண்டுமென்ற ஆசை நியாயமானதே. ஆனால் எல்லா இடத்திலும் சரியாக வராதபோது, கீழ்க்கால் பங்கை மட்டும் எவ்விதத்திலும் விட்டுக்கொடுக்கக்கூடாது. நிறைவில் முள் சற்றுத் தாழ்ந்து நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. காலியில் உயர்ந்து நின்றால் நீங்கள்தான் நடக்க வேண்டும்.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம்

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து, சாக்கடை வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் நீங்கள் நினையாத தூரம் போகும். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடும் ஒரு திரவத்துக்கு, தம்போய் மத்தியான வெயில் எத்தகைய உற்சாகத்தைக் கொடுக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

1. தாமான் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வேலை செய்வதானால் முன்புறத்துச் சாமி மேடையில் விளக்கும் ஊதுபத்தியும் அணைந்திருக்கட்டும். அண்டைவீட்டுச் சீனக் குடும்பத்தார் ஏழாம் மாதத்தில் காகிதம் எரிக்கும் நாட்களில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.
2. டாங்கியின் மூடியையோ மிதவைக் கருவியையோ தளர்த்துவதற்கு முன்னால் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.
3. டாங்கி திறந்திருக்கும் வேளையில் எந்தக் கம்பியையும் உரசிப் பார்க்கும் சோதனை கூடாது. வண்டியில் செய்யும் மின் சோதனைகள் எல்லாம் டாங்கி மூடியிருக்கும்போது, மானிப் பக்கத்தில்தான்.
4. உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அறைக்குள்ளே இருப்பது உதவாது.
5. விளக்கு வேண்டுமானால் பேட்டரி டார்ச். கம்பி இழுத்த பல்பு விளக்கு கீழே விழுந்து உடைந்தால், அந்த ஒரு பொறியே போதும்.
6. பித்தளை மிதவையில் ஓட்டை கண்டால் உடனே ஈயம் வைக்கத் துணியாதீர்கள். உள்ளே புகுந்த பெட்ரோல் முழுதும் வெளியேறாத மிதவை, சூடு பட்டால் வெடிக்கும்.

வேண்டிய உபகரணங்கள்

ஒரு மல்டிமீட்டர், 500 ஓம் வரை திருப்பக்கூடிய, கம்பி சுற்றிய பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, முதலை வாய்க் கிளிப்புக் கம்பிகள், பெட்ரோல் தாங்கும் புதிய கேஸ்கட், ஒரு மரக்குச்சி, காகிதம், பென்சில். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் சிறிய எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அளக்கும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். 240 ஓமில் அது பொருட்டல்ல. ஜப்பானிய வண்டியின் நிறைவு எண்ணாகிய ஐந்தாறு ஓமில் அது பொருட்டுத்தான்.

முதற்கட்டம்: மானி எந்த ரகம்?

பழைய மானிகள் இரண்டு ரகம். ஒன்று காந்தச் சுருள் ரகம். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழும். மற்றொன்று, சூட்டினால் வளையும் ஈருலோகத் தகட்டு ரகம். முள் ஆற அமர, அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு ஏறும். பின்னதற்கு மின்னழுத்தத்தை ஒரே சீராகக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் மானிகளில் இந்த மாற்றம் 1960களின் நடுவில் வந்தது. அவற்றின் ஸ்டெபிலைசர் சராசரியாக 10 வோல்ட் தரும். டொயோட்டா போன்றவற்றில் இது 7 வோல்ட் அளவு.

1. மிதவையிலிருந்து வரும் கம்பியை மானியின் பின்புறத்தில் கழற்றுங்கள். சாவியைத் திருப்புங்கள். முள் நிறைவைத் தாண்டி ஓடினால், தடை கூடக்கூட மேலே காட்டும் மானி அது. காந்தச் சுருள் ரகங்கள் பெரும்பாலும் இப்படியே. முள் காலியிலேயே படுத்திருந்தால், தடை குறையக்குறைய மேலே காட்டும் மானி; தகட்டு ரகம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.
2. இப்போது கம்பி கழற்றிய மானி முனையை 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக வண்டியின் உடம்பில் தொடுங்கள். முள் எதிர்ப்புறம் நகர வேண்டும். நகராவிட்டால் மானியிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ கோளாறு இருக்கிறது. மிதவையை நொந்து பயனில்லை.
3. தகட்டு ரகமானால் ஸ்டெபிலைசரின் வெளிமுனையை அளந்து பாருங்கள். பழைய காலத்து ஸ்டெபிலைசர் விட்டுவிட்டு மின்சாரம் கொடுப்பதாகையால் மல்டிமீட்டரின் எண் குதித்துக்கொண்டே இருக்கும், அது இயற்கை. குதிக்காமல் 12 வோல்ட்டுக்கு மேலே நிலையாக நின்றால் ஸ்டெபிலைசர் கெட்டிருக்கிறது, அல்லது அதன் எர்த் துருப்பிடித்திருக்கிறது.

*எச்சரிக்கை:* தகட்டு ரக மானியைப் பேட்டரியின் 12 வோல்ட்டில் நேரே இணைத்துப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி எரிந்துபோக அது போதும்.

*குறிப்பு:* பெட்ரோல் மானியும் வெப்ப மானியும் ஒருசேர உயர்ந்து காட்டினால் சந்தேகமின்றி ஸ்டெபிலைசரைப் பாருங்கள். இரண்டுக்கும் பொதுவானது அது ஒன்றே.

*குறிப்பு:* 1960களின் நடுப்பகுதி வரையிலான வோக்ஸ்வாகன் பீட்டிலில் மானி இருந்தால், அது கேபிள் இழுத்து நகரும் யந்திர வகை. இந்த அத்தியாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் கட்டம்: மானியின் ஐந்து எண்கள்

1. கழற்றிய கம்பியின் இடத்தில் பொட்டென்ஷியோமீட்டரை இணைத்து, அதன் மறுமுனையை நல்ல எர்த்தில் மாட்டுங்கள். தகட்டு ரகத்துக்கு 10 ஓம் ரெசிஸ்டரையும் இடையில் வைத்தால் கைதவறித் திருப்பினாலும் மானிக்கு ஆபத்து இல்லை. அந்த 10 ஓமையும் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். நிறைவு எண் அதைவிடக் குறைவான ஜப்பானிய மானிகளில், முக்கால் வரை அளந்தபிறகு அதை எடுத்துவிட்டு நிதானமாகத் திருப்புங்கள்.
2. முள் காலிக்கோட்டில் சரியாக நிற்கும் வரையில் திருப்புங்கள். தகட்டு ரகமானால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். பொறுமையில்லாதவர்களின் எண்கள் எப்போதும் தவறாகவே வரும்.
3. சாவியை நிறுத்தி, பொட்டென்ஷியோமீட்டரை வண்டியிலிருந்து கழற்றி, அதன் தடையை அளந்து எழுதுங்கள். மின்சாரம் ஓடும்போது ஓமை அளக்கக்கூடாது.
4. இவ்வாறே கால், அரை, முக்கால், நிறைவு ஆகிய கோடுகளுக்கும் அளந்து எழுதுங்கள்.

பேட்டரி சோர்ந்திருந்தால் காந்தச் சுருள் மானிகளில் அவ்வளவு பேதம் வராது. ஸ்டெபிலைசர் கெட்ட தகட்டு ரகத்தில் எல்லா எண்களும் வீண்.

மூன்றாம் கட்டம்: மிதவையை வெளியே எடுத்தல்

டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மோரிஸ் மைனரின் பிற்கால டாங்கி ஆறரை காலன், அதாவது ஏறக்குறைய 29.5 லிட்டர், மினியினுடையது ஐந்தரை காலன், 25 லிட்டர். இவ்வளவு சிறிய டாங்கிகளில் கால்வாசியே மிஞ்சியிருந்தால் வேலை சுலபம்.

1. பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி மறுபடி மூடுங்கள்.
2. மிதவைக் கருவியைச் சுற்றியுள்ள அழுக்கையும் மண்ணையும் துடைத்தெடுங்கள். அவை டாங்கிக்குள் விழுந்தால் கார்புரேட்டர்தான் அனுபவிக்கும்.
3. கருவி திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தால் அவற்றைக் குறுக்கு மறுக்காகத் தளர்த்துங்கள். வளையப் பூட்டாயிருந்தால் பித்தளைக் கம்பியோ கட்டை உளியோ கொண்டு தட்டுங்கள்; இரும்பு உளி பொறி கிளப்பும்.
4. கருவியை நேரே மேலே இழுக்காமல், மிதவையின் கை எந்தத் திக்கில் நீண்டிருக்கிறதோ அந்தத் திக்கில் சாய்த்து வெளியே எடுங்கள். எந்தத் திக்கு என்பதைத் தகட்டின்மேல் பென்சிலால் குறியுங்கள்.
5. திறந்த வாயை உடனே சுத்தமான துணியாலும் அதன்மேல் ஒரு பலகையாலும் மூடுங்கள். கருவியை டாங்கிக்கு வெகுதூரத்தில் கொண்டுபோய் உலர்த்தி, அங்கேதான் அளக்க வேண்டும்.
6. மரக்குச்சியை விட்டு டாங்கியின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது மிதவையை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக உயர்த்துங்கள். எண் படிப்படியாக மாற வேண்டும். நடுவில் திடீரென்று தடை அனந்தமாகித் திரும்பினால் உள்ளேயுள்ள தடைக்கம்பி தேய்ந்திருக்கிறது. பிறகு அடி, கால், அரை, முக்கால், உச்சி என்று ஐந்து இடங்களின் எண்களையும் மானியின் எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் குலுங்கினால் அது பெட்ரோல் குடித்திருக்கிறது. சந்தேகமிருந்தால் திறந்த வெளியில், அடுப்புக்கு எட்டாத இடத்தில், ஒரு பாத்திரத்து வெந்நீரில் அமிழ்த்துங்கள். ஓட்டையிருந்தால் குமிழி வரும். ஓட்டை மிதவைக்கு மாற்று வாங்குவதே விவேகம்.

நான்காம் கட்டம்: இணங்கச் செய்யும் வழிகள்

இரண்டு வரிசை எண்களும் ஒரே திசையில் ஏறி இறங்குகின்றனவா என்பதே முதற்கேள்வி. ஒன்றில் காலிக்கு அதிகத் தடையும் மற்றொன்றில் காலிக்குக் குறைந்த தடையுமாக இருந்தால், எத்தனை ரெசிஸ்டரைக் கூட்டினாலும் அதை நேராக்க முடியாது. அப்போது மிதவைக் கருவியை மாற்ற வேண்டும். அல்லது பின்னால் சொல்லப்போகும் மின்னணுப் பெட்டியை நாட வேண்டும்.

*முதல் வழி: பொருந்தும் மிதவையை வாங்குதல்.* இதுவே உத்தமம். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரத் தவுக்கேயிடம் சொல்லிவிட்டு, அலமாரியிலுள்ள கருவியை அங்கேயே அளந்து பாருங்கள்; நாகரிகமாகக் கேட்டால் மறுப்பவர் அரிது. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, காலிக்கும் நிறைவுக்கும் உரிய இரண்டு எண்களைச் சொல்லிக் கேட்பதே பலன் தரும். கை நீளத்தை மாற்றக்கூடிய பொது ரகக் கருவிகளில் ஐந்து துளைத் தகடு வரும். அத்துளைகள் சம இடைவெளியில் அமையாததால் அது ஒரே நிலையில்தான் உட்காரும், அந்த நிலையில் மிதவை டாங்கிச் சுவரில் இடிக்குமா என்பதை வாங்கும் முன்பே யோசியுங்கள்.

*இரண்டாம் வழி: கையைச் சரிப்படுத்துதல்.* எண்கள் ஏறத்தாழ ஒத்திருந்து, முள் மட்டும் சற்று ஏறியோ இறங்கியோ நின்றால், கையை வளைத்தாலே போதும். பொது ரகக் கருவியில் சுழலச்சு டாங்கியின் நடு ஆழத்தில் இருக்க, கை 90 பாகை வீச்சில் அசையுமானால், மிதவை பயணிக்க வேண்டிய உயரத்தில் பத்தில் ஏழு பங்கு கை நீளமாக வரும். உதாரணமாக 200 மில்லிமீட்டர் ஆழமுள்ள டாங்கியில், அடியிலும் உச்சியிலும் 10 மில்லிமீட்டர் இடம் விட்டால் பயண உயரம் 180. கை ஏறக்குறைய 126 மில்லிமீட்டர். கையை வளைக்கும்போது தடைக்கருவியின் பக்கத்தைக் குறடால் இறுகப் பற்றிக்கொண்டு, வெளிப்பக்கத்தை மட்டும் வளைக்க வேண்டும். இல்லாவிடில் உள்ளேயுள்ள நுண்ணிய தொடுமுனை விலகிப்போகும்.

*மூன்றாம் வழி: ரெசிஸ்டர்.* மலிவானது, ஆகையால் எல்லோரும் முதலில் இதையே நாடுகிறார்கள், அதிகமாக ஏமாறுவதும் இதில்தான். மிதவைக்குப் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டரை இணைத்தால் உயர்ந்த எண்கள் மிகுதியாகவும் தாழ்ந்த எண்கள் சிறிதளவும் குறையும். தொடராக இணைத்தால் எல்லா எண்களும் சமமாகக் கூடும். சூத்திரம் எளியது: இரண்டு தடைகளைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பக்கவாட்டு இணைப்பின் தடை கிடைக்கும்.

0 முதல் 90 ஓம் வரை வேண்டுகிற மானிக்கு, 10 முதல் 180 ஓம் வரை தரும் விடிஓ மிதவையை இணைக்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறைவில் 180ஐ 90 ஆக்க, 180 ஓம் ரெசிஸ்டரைப் பக்கவாட்டில் போட்டால் கணக்கு அழகாக வருகிறது. பட்டறையில் டாங்கியை நிரப்பி முள் நிறைவில் நிற்பதைக் கண்டு சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போகிறவர், அரை டாங்கியில் என்ன நடக்கும் என்று பார்ப்பதில்லை. அரை டாங்கியில் மிதவையின் எண் 95. பக்கவாட்டு ரெசிஸ்டரோடு அது 62 ஆகிறது. மானியோ 45ஐத்தான் அரை என்று அறியும். எனவே முள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே நிற்கிறது. கால் டாங்கியில் மிதவையின் எண் 52.5, அது 40.6 ஆகி, கால் இருக்கும்போது ஏறக்குறைய அரை என்று காட்டுகிறது. காலியில் 10 ஓம் 9.5 ஆகி, ஒரு சொட்டு இல்லாத டாங்கியிலும் முள் கோட்டுக்குமேல் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்கிறது. பொய் எந்தப் பக்கம் பெருகுகிறது என்று கவனியுங்கள்: நமக்கு ஆபத்தான கீழ்ப்பக்கத்தில்.

எனவே ரெசிஸ்டர் போடுவதாயிருந்தால் ஐந்து எண்களுக்கும் காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். கால், காலி இரண்டு இடத்திலும் விடை மானியின் எண்ணுக்கு நெருங்கினால்தான் ஈயம் வைக்கலாம். 73, 10 மானிக்கு 240, 33 மிதவையை இணைக்கும் இடத்தில் 105 ஓம் பக்கவாட்டு ரெசிஸ்டர் காலியைச் சரியாக்கும். ஆனால் நிறைவில் 25 ஓமுக்குக் கீழே இறங்காததால் முள் நிறைவை எட்டாது. இது கண்ணுக்கு அழகில்லை, வழியில் நிறுத்தாது. தற்காலிகமாக ஒப்புக்கொள்ளக்கூடிய குறை. 5 வாட் ரகத்தையே போடுங்கள். அதை டாங்கியருகே வைக்காமல் மானிப் பக்கத்தில், பிளாஸ்டிக்கைத் தொடாதபடி கட்டுங்கள்.

*நான்காம் வழி: மின்னணுப் பெட்டி.* மிதவையின் தடையை ஒரு சில்லு படித்து, மானிக்கு வேண்டிய தடையாக மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. திசை தலைகீழானாலும் திருப்பிக்கொடுக்கும். இரண்டு இடங்களில், நல்லவற்றில் பல இடங்களில், பொத்தானை அழுத்தி ஒத்திசைக்கலாம். சாவிக்குப் பின் வரும் மின்சாரம், எர்த், மிதவைக் கம்பி, மானிக் கம்பி என்று நான்கு இணைப்புகள். மின்சார இணைப்பில் 1 ஆம்பியர் ஃபியூஸ். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். அவற்றில் இத்தகைய பெட்டியை யோசியாமல் மாட்டினால் மாட்டிய நொடியிலேயே அது போயிற்று. பேட்டரியைப் பார்த்து, எந்த முனை உடம்பில் பூட்டியிருக்கிறது என்று உறுதி செய்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.

ஸ்மித்ஸ் தகட்டு ரக மானிகளின் முதுகில் சீர்படுத்தும் துளைகள் உண்டு. அவற்றைத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மானி பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விட்டுவிடுங்கள்.

எர்த் என்னும் மறைந்த எதிரி

மிதவைக் கருவியின் எர்த், தகட்டிலிருந்து டாங்கிக்கும் டாங்கியிலிருந்து வண்டியின் உடம்புக்கும் போகிறது. இவ்வூர் ஈரக்காற்றில் அந்தப் பாதை முழுதும் துரு ஏறுகிறது. டாங்கிக்குப் புதுப் பெயின்ட் அடித்து ரப்பர் மெத்தை வைத்துப் பூட்டினால் பாதையே அறுந்துபோகிறது. மறுசீரமைப்பு முடிந்த மறுநாளே மானி கெட்டுவிட்டது என்று வருந்துகிற அன்பர்களில் பலருக்கு மானி கெடவில்லை, எர்த்தான் போயிருக்கிறது. மிதவைத் தகட்டின் ஒரு திருகாணியின்கீழ் தனிக் கம்பி ஒன்றைப் பிடித்து, பெயின்ட் சுரண்டிய இடத்தில் உடம்போடு பூட்டிவிடுங்கள். எல்லா வழிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இதைச் செய்ததும் மற்ற வழிகள் தேவைப்படாமலே போவதும் உண்டு.

திரும்பப் பூட்டுதலும் சரிபார்த்தலும்

1. பழைய கேஸ்கட்டின் துணுக்குகளைச் சுரண்டியெடுத்து, புதியதை வையுங்கள். பெட்ரோலில் கரையாத பசை என்று எழுதியிருந்தாலன்றிப் பசை பூசாதீர்கள். சாதாரண சிலிகோன் பசை பெட்ரோலில் ஊதிக் கரைந்துவிடும்.
2. பென்சில் குறியைப் பார்த்துக் கையின் திக்கைச் சரியாக வைத்து, திருகாணிகளைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். துணியால் துடைத்து, ஆவி கலைய நேரம் கொடுத்து, கடைசியில் பேட்டரியை இணையுங்கள்.
3. பெட்ரோல் குறைந்த நிலையிலேயே எண்ணெய் நிலையத்துக்குப் போங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். வார இறுதியில் போக வேண்டாம். பாலத்துக்கு அப்புறம் சிங்கப்பூரிலிருந்து வரும் வண்டிகளின் வரிசையில் நின்றுகொண்டு நிதானமாக அளவு குறிக்க முடியாது. வாரநாள் காலை உத்தமம்.
4. ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். குழாயை எடுத்து மூடியைப் பூட்டிய பிறகே சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். தகட்டு ரகத்துக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள். எழுதுங்கள். சாவியை அணைத்துவிட்டு அடுத்த ஐந்து லிட்டர். டாங்கி நிறையும் வரை இப்படியே.
5. முள் காலிக்கோட்டில் நிற்கும்போது டாங்கியில் மூன்று நான்கு லிட்டராவது மிஞ்சியிருக்கும்படி மிதவையின் கையை வைத்துக்கொள்வது நல்லது. அடியில் தங்கும் துருவையும் நீரையும் பம்ப் உறிஞ்சாமலிருக்கவும் இது உதவும்.

சிங்கப்பூர்ப் பதிவு வண்டி வைத்திருப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் பதிவான கார், அந்நாட்டை விட்டு வெளியேறும்போது முக்கால் டாங்கிக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். 1989இல் அரை டாங்கி என்று தொடங்கிய விதி 1991இல் முக்காலாக உயர்ந்தது. சோதனைச் சாவடியில் அதிகாரி நம்புவது உங்கள் வாக்கையன்று, மானியின் முள்ளை. ஆகவே அவ்வண்டிகளில் கீழ்க்கால் பங்கோடு முக்கால் கோட்டையும் கறாராகச் சரிபார்க்க வேண்டும்; நிறைந்த டாங்கியிலும் முள் தாழ்ந்து நிற்கிற, மேலே தற்காலிகமாக ஒப்புக்கொண்ட அந்த ரெசிஸ்டர் ஏற்பாடு இங்கே உதவாது. விசையொன்றை மறைத்து வைத்து, வேண்டும்போது முக்காலைக் காட்டும்படி ரெசிஸ்டரை இணைக்கும் தந்திரத்தைச் சிலர் முயன்றதுண்டு. மானியைத் திரித்துக் காட்டுவது தனிக்குற்றம். அதற்கான வரைபடத்தை இந்நூலில் தேட வேண்டாம்.

குறி கண்டு கோளாறு அறிதல்

முள் எப்போதும் நிறைவுக்கு அப்பால் நிற்கிறது: காந்தச் சுருள் ரகத்தில் கம்பி அறுந்திருக்கிறது அல்லது எர்த் இல்லை; தகட்டு ரகத்தில் மிதவைக் கம்பி எங்கோ உடம்பைத் தொடுகிறது.

முள் காலியிலிருந்து எழவே இல்லை: மேலே சொன்னதற்கு நேர்மாறாகத் தேடுங்கள். மிதவை மூழ்கியிருக்கவும் கூடும்.

மேடுபள்ளத்தில் முள் நடனமாடுகிறது: பழைய தடைக்கருவியாயிருந்தால் தேய்ந்த தொடுமுனை. காந்தச் சுருள் மானியாயிருந்தால் ஓரளவு இது அதன் சுபாவம்; சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.

முகவிளக்கைப் போட்டதும் முள் இறங்குகிறது: மானிப் பலகையின் எர்த். பலகைக்குப் பின்னால் ஒரு தனிக் கம்பி இழுத்தால் தீரும்.

வேலை முடிந்ததும் பத்து எண்களையும், ரெசிஸ்டர் போட்டிருந்தால் அதன் மதிப்பையும், பெட்டி போட்டிருந்தால் நான்கு கம்பிகளின் நிறங்களையும் ஒரு அட்டையில் மை கொண்டு எழுதி, மானிப் பலகையின் பின்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்தமுறை அதைக் கழற்றுகிற வயர்மேன் உங்களுக்கு ஃபோன் செய்து கேட்க வேண்டியிராது.